பொட்டுவலியைப் பொறுக்கலாமா?



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்துக்கு வந்தபோது, நடுத்தர வயதுடைய ஒரு தாய் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "சாமி, ஒரு வாரமா பொட்டுல ஊசிய வச்சுக் குத்துன மாதிரி சுருக்குன்னு வலிக்குது. கண்ண மூடித் திறக்கதுக்குள்ள போயிருது. இது எதனால சாமி?"

நாம் வாய் திறக்கும் முன்னரே அருகில் நின்றவர்கள் பதில் சொல்லி முடித்துவிட்டனர். பித்தம் என்றார் ஒருவர். கரிசல் காட்டு வெயில் என்றார் மற்றொருவர். ரத்தக் கொதிப்பாக இருக்கும் என்றார் மூன்றாமவர். நான்காமவரோ பெட்டிக்கடையில் விற்கும் ஒரு மாத்திரையின் பெயரையே சொல்லி, "ரெண்டு போட்டுப் படுங்க மதினி, சரியாப் போகும்" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் நான்கு வைத்தியர்கள்! நாம் மட்டும் உடனே பதில் கூறாமல் நின்றோம். அதற்குக் காரணம் உண்டு. அது நமக்குப் பெருமை தரும் காரணமன்று; எனினும் அதைச் சொல்லிவிட்டு மேலே செல்வதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் விளாத்திகுளம் பகுதியில் நாம் பணியாற்றிய ஒரு சிற்றூரில், அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தவறாமல் மாலைச் செபமாலைக்கு வருவார். ஒரு நாள் செபம் முடிந்ததும் நம்மிடம் வந்து, "சாமி, பீடத்து விளக்கச் சுத்தி வானவில்லு மாதிரி வளையம் தெரியுது. இது மூணாவது தடவ. புண்ணியந்தான சாமி?" என்று முகம் மலரக் கேட்டார். "உங்கள் பக்திக்குக் கிடைத்த பரிசு பாட்டியம்மா" என்று கூறி நாமும் சிரித்தோம்.

ஒரு வாரம் கழிந்தது. அவர் வலது பொட்டைக் கையால் அழுத்திக்கொண்டு வந்தார். மண்டை பிளக்கிறது என்றார். வழியில் இருமுறை வாந்தி எடுத்திருந்தார். நாம் நமது மேசை அறையிலிருந்த இரண்டு தலைவலி மாத்திரைகளைக் கொடுத்து, போய் ஓய்வெடுக்கும்படி அனுப்பினோம். வீட்டார் சுக்கை உரைத்துப் பொட்டில் பற்றுப் போட்டனர். துணியால் தலையை இறுகக் கட்டினர். வெளிச்சம் படாத உள்ளறையில் படுக்க வைத்தனர். எல்லாம் அன்பினால் செய்தவையே. மூன்றாம் நாள் மகன் அவரைத் திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது வலது கண்ணின் பார்வை போயிருந்தது. "முதல் நாளே வந்திருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையாம்.

அன்று முதல், பொட்டில் வலி என்று எவர் கூறினாலும் நாம் உடனே மருந்தின் பெயரைச் சொல்வதில்லை, கேள்விதான் கேட்கிறோம். நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர்களிடம் கேட்டும், நெடுங்காலம் செவிலிப் பணியாற்றிய அருட்சகோதரி ஒருவரின் துணையோடு படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

பொட்டு என்றதும் பெண்கள் நெற்றி நடுவே இடும் பொட்டை எண்ண வேண்டாம். கண்ணின் கடைக்கோடிக்கும் காதின் மேல்நுனிக்கும் இடையே, இருபுறமும் சற்றுப் பள்ளமாக உள்ள இடமே நாம் பேசும் நெற்றிப்பொட்டு. கன்னப்பொறி என்றும் இதனைக் கூறுவர். இச்சிறிய இடம் ஒரு நாற்சந்தி போன்றது. விரலை அதன்மேல் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு தசை புடைத்து எழும். அது தாடையை இயக்கும் தசை. சற்றே விரலை நகர்த்தினால் ஒரு துடிப்புத் தெரியும். அது தலைத் தோலுக்கு ரத்தம் கொண்டு செல்லும் நாடி. முகத்தின் உணர்வை மூளைக்குச் சொல்லும் நரம்பின் கிளைகளும் இவ்வழியே செல்கின்றன. உள்ளே, மண்டையோட்டின் நான்கு எலும்புகள் கூடும் மெல்லிய சுவர். அச்சுவரையொட்டி மூளையின் உறைக்கு ரத்தம் தரும் மற்றொரு நாடி. பக்கத்திலேயே கண், பல், காது. இவற்றுள் எதற்குத் துன்பம் நேர்ந்தாலும் வலி பொட்டில் வந்து பேசும். எனவே பொட்டுவலி என்பது ஒரு நோயின் பெயரன்று. எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கப்பட வேண்டிய ஒரு செய்தி.

முதலில் ஆறுதலான செய்தியைச் சொல்லிவிடுவோம். பொட்டில் வரும் வலிகளுள் மிகப் பெரும்பாலானவை உயிருக்கோ பார்வைக்கோ ஊறு செய்யாதவை. முற்றத்தில் நம்மைக் கேட்ட தாய்க்கு வந்தது போன்ற ஊசிக்குத்து, பெரும்பாலும் சில நொடிகளே நிற்கும். வரும், போகும், இடமும் மாறும். ஒற்றைத் தலைவலி உடையவர்களுக்கு இது மிகுதியாக வருவதுண்டு. மருத்துவர் ஒருமுறை சோதித்து வேறு கோளாறில்லை என்று கூறிவிட்டால் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அத்தாயும் மருத்துவரிடம் சென்று வந்து இப்போது நிம்மதியாக இருக்கிறார். விடியுமுன் வெறும் வயிற்றோடு பருத்திக் காட்டுக்குச் செல்லும் பழக்கத்தையும் விட்டிருக்கிறார்.

ஒற்றைத் தலைவலி தலையின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் பொட்டில், நாடி அடிப்பது போல் விண்விண்ணென்று தெறிக்கும். வயிற்றைக் குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பிடிக்காது. மருந்தில்லாவிடில் 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை நீடிக்கக் கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி. பட்டினி, தூக்கக் குறைவு, கடும் வெயில், மாதவிலக்கு ஆகியவை இதனைத் தூண்டுவன. கயிற்றால் தலையைச் சுற்றிக் கட்டியது போல் இரு பொட்டுகளிலும் இறுகும் வலி வேறு வகை. கவலையும் களைப்பும் கழுத்துத் தசையின் இறுக்கமும் அதன் துணைவர்கள்.

இன்னொன்று அரிது, ஆனால் கொடிது. கண்ணையும் பொட்டையும் ஒரே பக்கத்தில் துளைப்பது போல் வரும். அக்கண் சிவந்து நீர் சொரியும். அப்பக்கத்து மூக்கும் ஒழுகும். நாள்தோறும் ஏறத்தாழ அதே நேரத்தில், பெரும்பாலும் இரவில், எழுப்பிவிடும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை ஆளை நிலைகொள்ளாமல் நடக்க வைக்கும். இதற்குத் தனி மருத்துவம் உண்டு. பேய்க் கோளாறு என்று வேறிடம் தேடி அலைய வேண்டா.

பல்லும் தாடையும் செய்யும் வேலையும் உண்டு. உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர், நாள் முழுதும் வெற்றிலை பாக்கு மெல்லுபவர், கடைவாய்ப் பல் சொத்தையானவர் ஆகியோருக்குத் தாடைத் தசையின் நோவு பொட்டில் ஏறும். வாயைத் திறந்து மூடும்போது காதருகே 'கடக்' என்ற ஓசை கேட்டால் பல் மருத்துவரை நாட வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணத்தையும் கூறுவோம். சீமைக் கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி சுடுவது இந்தக் கரிசல் சீமையில் பல குடும்பங்களின் பிழைப்பு. புகை நடுவே நிற்பவர்களுக்கு இரு பொட்டும் வலித்துத் தலை கிறுகிறுத்தால் அதனை வெயில் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கரி முழுதாக எரியாதபோது பிறக்கும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது ரத்தத்தில் பிராண வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே காற்றோட்டமான இடத்துக்கு விலக வேண்டும். மழைக் காலத்தில் குளிருக்கு அஞ்சி, மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கவே கூடாது.

ரத்தக் கொதிப்பைப் பற்றி ஒரு சொல். ரத்தக் கொதிப்பு இருந்தால் பொட்டு வலிக்கும், வலி இல்லையென்றால் கொதிப்பும் இல்லை என்று பலர் நம்புகின்றனர். உண்மை வேறு. அது பெரும்பாலும் எந்த வலியும் தராமலே உடலைக் கெடுக்கும். மிக மிக உயரும்போதுதான் தலைவலி தரும். ஆகையால் பொட்டை வைத்துக் கொதிப்பை அளக்க வேண்டாம். கருவியை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையே தலைவலிக்குக் காரணமாவதும் உண்டு. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரைகளை மாதக் கணக்கில் விழுங்கி வருபவர்களுக்கு, அம்மாத்திரையே தலைவலியை நாள்தோறும் வரவழைக்கும். சில கலப்பு மாத்திரைகளுக்கு 10 நாட்களே போதும். கடன் அடைக்கக் கடன் வாங்கும் கதைதான்.

இனி, பொறுக்கக் கூடாத வலிகளுக்கு வருவோம். இவை சிலவே. எனினும் இவற்றுக்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முதலாவது, நமது மூதாட்டியின் கண்ணைக் கொண்டுபோன நோய். நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியே நீர் வந்துகொண்டே இருக்கிறது. மடை வழியே வெளியேறிக்கொண்டே இருக்கிறது. மடை அடைபட்டால் நீர்மட்டம் ஏறிக் கரையை நெருக்கும். நம் கண்ணுக்குள்ளும் தெளிந்த நீர் ஓயாது ஊறி, கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரையின் ஓரத்திலுள்ள மடை வழியே வடிகிறது. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை தடிக்கிறது. பிறவியிலேயே சிறிய கண் உடையவர்களுக்கு, அதிலும் 50 வயதைக் கடந்த பெண்களுக்கு, அத்திரை முன்னே தள்ளப்பட்டு மடையை அடைத்துவிடக் கூடும். உடனே கண்ணின் உள் அழுத்தம் இரு மடங்கு, மும்மடங்கு ஏறுகிறது. கண்ணிலும் புருவத்திலும் பொட்டிலும் தாங்கவொண்ணா வலி, குமட்டல், வாந்தி, கண் சிவந்து பார்வை மங்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தோன்றும். கண்ணின் முன்புறப் படலம் நீர் கோத்து வீங்குவதே அவ்வளையத்துக்குக் காரணம். வாந்தியைக் கண்டு பித்தம் என்போர் கண்ணைப் பார்க்க மறந்துவிடுகின்றனர்.

பெருந்தாக்குதலுக்கு முன் சிறு தாக்குதல்கள் வருவதுண்டு. மாலை மங்கலில் கண்மணி விரியும்போது மடை அடைபடும். உறங்கும்போது கண்மணி சுருங்கி மடை திறக்கும். காலையில் எல்லாம் சரியாகிவிடும். பீடத்து விளக்கைச் சுற்றி மூன்று மாலைகளில் தெரிந்த வளையம் அந்த எச்சரிக்கைதான். அதைப் புண்ணியம் என்று அவர் எண்ணினார். ஆம் என்று சொன்னவர்கள் நாம். இருட்டறையில் கிடத்தியதும் கண்மணியை மேலும் விரியச் செய்திருக்கும் என்று பின்னர் மருத்துவர் கூறக் கேட்டோம்.

இதனை உள்ளடக்கிய கண்ணழுத்த நோயைக் கிளாக்கோமா என்பர். இதன் வகைகளுள் பெரும்பான்மை வலியின்றியே பார்வையைத் திருடுவன. அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில், 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு இருவர் மூவர் என்ற அளவில் (2.6 விழுக்காடு) இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் தமக்கு நோயிருப்பதையே அறியாதிருந்தனர். உரிய நேரத்தில் கண்டால், லேசர் ஒளியால் நிறத்திரையில் ஊசிமுனையளவு துளையிட்டு நீருக்கு மாற்று வழி அமைத்துவிடலாம். நம் மூதாட்டியின் இடது கண்ணை அவ்விதமே காப்பாற்றினர்.

இரண்டாவது, பொட்டு நாடியின் அழற்சி. 50 வயதுக்கு மேற்பட்டோருக்கே வரும். ஐரோப்பியரை நோக்க நம் நாட்டாருக்குக் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. பொட்டிலுள்ள நாடி கயிறு போல் தடித்து, தொட்டால் நோகும். தலை வாரச் சீப்பு வைத்தாலே எரியும். சோற்றை மெல்லத் தொடங்கிய சற்று நேரத்தில் தாடை வலித்து, நிறுத்தினால் குறையும். உடம்பு இளைக்கும், உள்காய்ச்சல் இருக்கும். கவனியாவிட்டால் திடீரெனப் பார்வை போய்விடும். ஒரு கண் போனால் மறு கண்ணும் நாள் கணக்கில் போகக் கூடும். ரத்தச் சோதனை துணை செய்யும். ஐயம் வலுத்தால் மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவர்.

இந்நோயைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. பெல்ஜியம் நாட்டுப் புரூகஸ் நகரில், வான் டெர் பாலே என்னும் முதிய குரு, தேவதாயின் முன் முழந்தாளிட்டிருப்பது போல் யான் வான் ஐக் என்ற ஓவியர் 1436-இல் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. ஓவியர் எதையும் மறைக்காதவர். குருவின் பொட்டில் நாடி புடைத்துப் பின்னிக் கிடப்பதையும் அப்படியே வரைந்துவிட்டார். உடல்நலக் குறைவால் காலை வழிபாட்டுக்கு வர இயலாமல் அவர் விலக்குப் பெற்றிருந்த செய்தியும் ஏடுகளில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்து, அவருக்கு இந்நோய் இருந்திருக்கலாம் என்று 1981-இல் ஒரு பெல்ஜிய மருத்துவர் எழுதினார். இங்கிலாந்தின் ஜோனதன் ஹட்சின்சன் 1890-இல், பொட்டு நாடி வீங்கித் தொப்பி அணியவும் இயலாதிருந்த ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் மாயோ மருத்துவமனையின் ஹார்ட்டன் 1932-இல் இந்நோயை விரிவாக விளக்கினார். மருத்துவர் பெயர் வைக்கும் முன்னரே ஓவியர் உற்றுப் பார்த்திருக்கிறார்! நம் வீட்டு முதியவரின் முகத்தை நாம் என்றேனும் அவ்வளவு உற்றுப் பார்த்ததுண்டா?

மூன்றாவது, அக்கி. நெற்றியின் ஒரு பாதியிலும் பொட்டிலும் தீயாய் எரிந்து குத்தும். இரண்டொரு நாள் கழித்தே கொப்புளம் எழும். குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்வது நம் வழக்கம். அது குளிர்ச்சி தரலாம். ஆனால் இளமையில் வந்த சின்னம்மை நரம்பில் ஒளிந்திருந்து மீண்டும் எழுவதே இந்நோய். அக்கிருமியைக் காவி தடுக்காது. மூக்கின் நுனியில் கொப்புளம் தோன்றினால் கண்ணுக்கும் ஆபத்து நெருங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். இதனைக் கண்டு சொன்னவரும் அந்த ஹட்சின்சனே. கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் நன்மை மிகுதி. அக்கி எழுதப் போவோரைத் தடுக்கமாட்டோம். முதலில் மருத்துவமனை, பிறகு குயவர் வீடு என்றே கூறுவோம்.

நான்காவது, பொட்டில் பட்ட அடி. 'பொட்டில் அறைந்தாற்போல்' என்று பேச்சில் எளிதாகச் சொல்கிறோம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, "ஒண்ணுமில்ல" என்று சிரித்துப் பேசுவார். அந்த மெல்லிய எலும்பின் உட்புறத்து நாடி கிழிந்திருந்தால் ரத்தம் சிறுகச் சிறுகத் தேங்கிச் சில மணி நேரத்துக்குப் பின் மூளையை அழுத்தும். வலி ஏறும், வாந்தி வரும், உறக்கம் அமுக்கும். அது உறக்கமன்று, மயக்கம். "தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று விட்டுவிடுவது கொடிய தவறு.

இறுதியாக, இடி விழுந்தாற்போல் ஒரு கணத்தில் உச்சத்தை எட்டும் தலைவலி. வாழ்நாளில் இதுபோல் வந்ததில்லை என்று நோயாளியே கூறுவார். மூளையருகே ரத்தக்குழாய் வெடித்திருக்கக் கூடும். 108-க்குச் சொல்லி அனுப்ப வேண்டிய நேரம் அது. தலைவலியோடு வாய் கோணுதல், பேச்சுக் குளறுதல், கை கால் தளர்தல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல் ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பொட்டு வலிக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். வலி திடீரென்று வந்ததா? கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? 50 வயதைக் கடந்தபின் புதிதாக வந்த வலியா? தலை வாரும்போதும் மெல்லும்போதும் நோகிறதா? தலையில் அடிபட்டதா? இவற்றுள் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும், மகன் சென்னையிலிருந்து வரட்டும் என்று தள்ளக் கூடாது.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலியைச் சொல்லமாட்டார்கள், சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பொறுமை பெரும் புண்ணியம் என்று மேடைதோறும் போதித்தவர்கள் நாம். பிறர் குற்றத்தைப் பொறுப்பது புண்ணியம். உடல் அனுப்பும் எச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்வது புண்ணியமன்று.

அந்த மூதாட்டி பிறகும் மாலைதோறும் கோவிலுக்கு வந்தார். முன்பு வலப்பக்கத் தூணோரம் அமர்ந்தவர், பீடம் இடது கண்ணுக்குத் தெரியும்படி இடம் மாறி அமர்ந்தார். ஒரு நாள் நம்மைக் கூப்பிட்டு, "சாமி, இப்ப வளையம் தெரியல" என்றார். குறை சொல்லும் குரலில்லை. நமக்குத் தகவல் சொல்லும் குரல். நாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம். முதல் முறை அவர் சொன்னபோதே அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் வீட்டு முதியவரின் அருகில் சற்று நேரம் அமருங்கள். எங்கேனும் வலிக்கிறதா என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை மருந்தின் பெயரைச் சொல்லாதிருங்கள்.